கெட்டதைத்தான் போட்டேன்

ஆடு அறுக்கும் கொட்டகையில் அவளுக்கு ஈரல்காரி என்றுதான் பெயர். கத்திக்காரர் வயிற்றைக் கீறி உள்ளிருப்பதைத் தொட்டியில் தள்ளுவார். ஈரலையும் நுரையீரலையும் பிரித்துக் கழுவி, விரலால் தடவிப் பார்ப்பது அவள் வேலை. நீர் கோத்த கொப்புளம் பட்டாணி அளவில் உள்ளே ஒளிந்திருந்தாலும் விரல் அங்கே நின்றுவிடும்.

"இவ விரலுக்குக் கண்ணு இருக்குய்யா" என்பார் கத்திக்காரர். அவள் நிமிர மாட்டாள். காது மட்டும் சூடாகும்.

கொப்புளம் விழுந்த ஈரலை ஆழமாகக் குழி வெட்டிப் புதைக்க வேண்டும். காலையிலிருந்து நின்ற காலோடு யார் வெட்டுவது? பின்கதவைத் திறந்தால் அவள் வீட்டு நாய் கரியன் வாலை ஆட்டிக்கொண்டு நிற்பான். ஒரே கவ்வு. குழி வேலை மிச்சம், நாயின் வயிறும் நிறைந்தது.

வீட்டில் அவளுடைய எட்டு வயது மகளும் கரியனும் ஒரே பாயில்தான் புரள்வார்கள். நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டே ரொட்டி தின்பாள் சின்னவள். "கையக் கழுவுடி. இரு, வந்து வச்சுக்கறேன்" என்று சொல்லிவிட்டு வேலைக்கு ஓடுவாள் ஈரல்காரி. ஒரு நாளும் வந்து வைத்துக்கொண்டதில்லை.

சின்னவளுக்கு இருமல் விடாமல் வந்தது. வயிற்றின் வலப்பக்கம் கனக்கிறது என்றாள். ஆறு மணிநேரம் பேருந்தில் போகவேண்டிய பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். நுரையீரலில் ஒரு நீர்க்கட்டி, ஈரலில் இரண்டு.

"வீட்டுல நாய் இருக்கா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"இருக்குங்க."

"பச்சை ஈரல், குடல் ஏதாவது போடுவீங்களா?"

"நல்லத போடமாட்டேங்க" என்றாள் அவசரமாக. "கெட்டதத்தான் போடுவேன்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். அந்தக் கொப்புளத்துக்குள் இருப்பது புழுக்குஞ்சு என்றார். நாயின் குடலில் அது நாடாப்புழுவாக வளரும். நாய்க்கு ஒன்றும் செய்யாது. ஆனால் அதன் முட்டை மலத்தோடு வெளியே வந்து, நாயின் முடியில் ஒட்டி, பிள்ளையின் கை வழியாக வாய்க்குப் போகும். அதுதான் வருஷக்கணக்காக உள்ளே கட்டியாக வளர்ந்திருக்கும்.

அவள் தன் விரல்களைப் பார்த்தாள். தினமும் மகளின் வயிற்றின் மேல் கைபோட்டுத் தூங்கிய விரல்கள்.

துணைக்கு ஒருவர்தான் தங்கலாம். படிக்கத் தெரிந்தவளும் வாய் உள்ளவளுமான தங்கை தங்கினாள். நுரையீரல் கட்டியை எடுத்தாயிற்று. ஈரலுக்கு இன்னும் ஒரு மாதம் மாத்திரை, பிறகு கத்தி. ஈரல்காரி வாரம் ஒரு நாள் போய் வந்தாள். மற்ற நாட்களில் மகளின் சட்டையைத் துவைக்காமல் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

கரியனுக்குப் பூச்சி மாத்திரை கொடுத்து வாசலில் கட்டிப்போட்டாள். இப்போது தினமும் அவளே குழி வெட்டினாள். "நாய்க்கு விரதமா?" என்றார் கத்திக்காரர். அவள் மண்ணைத் தள்ளிக்கொண்டே இருந்தாள்.

அன்று சாயங்காலம் தங்கையின் போனிலிருந்து சின்னவள் பேசினாள். குரல் இளைத்திருந்தது.

"அம்மா, எல்லாம் கரியனாலதானாம். அவன எங்கேயாவது விட்டுடணும்னு சித்தி சொல்றா. விட்டுடாதம்மா."

இத்தனை நாளும் பழியை நாய் சுமந்தது அவளுக்கு வசதியாகத்தான் இருந்தது. சொன்னால் மகள் தன்னை வேண்டாம் என்றுவிடுவாளோ?

"அவன் இல்லடி. நான்தான்" என்றாள். "கொப்புளம் போட்ட ஈரல நான்தான் அவனுக்குப் போட்டேன். அதுலேர்ந்துதான் வந்துச்சு."

அந்தப் பக்கம் யாரோ தட்டு கழுவுவது கேட்டது. ஈரல்காரி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"தெரிஞ்சா போட்ட?"

"தெரியாதுடி."

தட்டு கழுவும் சத்தம் நின்றது.

"அவன் அங்க இருக்கானா?"

"வாசல்ல. கட்டியிருக்கேன்."

"நீயும் அங்கேயே இரு" என்றாள் சின்னவள். "ரெண்டு பேரையும் நான் வந்து வச்சுக்கறேன்."

போன் அணைந்தது. ஈரல்காரி வாசலுக்கு வந்து, சங்கிலி எட்டாத தூரத்தில் உட்கார்ந்துகொண்டாள். கரியன் அவள் கையிலிருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தான்.