அடையாள அட்டை இலக்கத்தில் ஒரு எழுத்து

போன வருடம் மாரி மழை தொடங்கிய நேரம். கொக்குவிலில் ரயில் பாதைக்குப் பக்கத்து வீடொன்றின் மேல்மாடியில்தான் எங்கள் சிறிய மென்பொருள் அலுவலகம். மானிப்பாயிலுள்ள ஒரு தனியார் மருத்துவ நிலையத்துக்காக, வைத்தியரைப் பார்க்க முன்கூட்டியே பதியும் செயலி ஒன்றைச் செய்து கொடுத்திருந்தோம். அது எப்படி இருக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் பொறுப்பு என்னுடையது.

செயலி வந்து ஒரு மாதமாகியும் பாதிப் பேர் கடைசிப் பக்கம் வரை வந்துவிட்டுப் பதியாமல் போனார்கள். எங்கள் சனத்துக்கு இதெல்லாம் பழக்கமில்லை, போகப் போகச் சரிவரும் என்று நான் முதலாளிக்கு அறிக்கை எழுதிவிட்டேன். என்னோடு வேலை செய்யும் தம்பி ஒருவன்தான் விடவில்லை.

"அக்கா, ஒருக்காப் பதிவுகளைப் பாருங்கோவன்."

ஒருவர் செயலியைப் பாவிக்கும்போது அவருடைய திரையில் நடப்பதெல்லாம் எங்களுக்குப் பதிவாகும். எங்கே தொட்டார், எங்கே திணறினார் என்று பிறகு படம்போல ஓட்டிப் பார்க்கலாம். அந்த வசதி இருந்தும் நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. அன்று காலை பத்து மணியளவில், வேண்டாவெறுப்பாக, சற்று முன் வந்த பதிவொன்றைத் திறந்தேன்.

யாரோ அடையாள அட்டை இலக்கம் எழுதினார். சிவப்பு எழுத்தில் பிழை என்று வந்தது. அழித்துவிட்டு மெல்ல மெல்லத் திரும்ப எழுதினார். மறுபடியும் பிழை. ஆறு தரம். அப்போதுதான் எனக்கு விளங்கியது. பழைய அட்டைகளில் ஒன்பது இலக்கங்களுக்குப் பிறகு ஒரு எழுத்து வரும். என்னுடையது புதிய அட்டை, பன்னிரண்டும் இலக்கங்கள். அதைப் பார்த்து, இலக்கங்கள் மட்டும் போதும் என்று முடிவெடுத்தவள் நான். அந்த எழுத்தை எழுத அவருக்கு வழியே இருக்கவில்லை.

ஏழாம் தரம் அவர் மேலே போய், என்ன வருத்தம், என்ன நோய் என்று கேட்கும் பெட்டியில் ஏற்கெனவே எழுதியிருந்ததற்குப் பக்கத்தில் விரலை வைத்தார். 'எட்டு மாதம். நேற்றிலிருந்து பிள்ளை துடிக்கிறது குறைவு.' அதோடு பதிவு முடிந்தது.

உடனே மருத்துவ நிலையத்துத் தாதிக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னேன். "பதியிறதை விடுங்கோ, அவவை உடனை ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்கோ" என்றார்.

தொலைபேசி இலக்கமும் பதிவில் அப்படியே தெரிந்தது. அது மறைந்திருக்க வேண்டிய விஷயம். மறைக்காமல் விட்டதும் நான்தான். வெட்கத்தோடு அந்த இலக்கத்துக்கு எடுத்தேன். மயிலிட்டியிலிருந்து ஒரு பெண் கதைத்தார்.

"நீங்கள் ஆர்? என்ரை நம்பர் உங்களுக்கு என்னெண்டு தெரியும்?"

ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னேன். உங்கள் திரை எங்களுக்குத் தெரிந்தது, அது பிழை, மன்னித்துக்கொள்ளுங்கோ, ஆனால் தாதி இப்படிச் சொல்கிறா என்றேன்.

"நாளைக்குக் கிளினிக் இருக்கு, அங்கை கேப்பம் எண்டு இருந்தனான்."

"நாளைக்கு வேண்டாம் அக்கா, இப்பவே வெளிக்கிடுங்கோ."

"ஓம், வெளிக்கிடுறன். இவர் துறைமுகத்திலை நிக்கிறார், ஓட்டோவோடை வரச் சொல்லுறன்."

அழைப்பு முடிந்ததும் தம்பியும் நானும், அந்த எழுத்தையும் எழுதக்கூடியதாகப் படிவத்தைத் திருத்தினோம். பெயர், இலக்கம், வருத்தம் எதுவும் பதிவில் தெரியாதபடி மறைத்தோம். இப்படியான அறிகுறி இருந்தால் பதிந்துகொண்டு நிற்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போகும்படி முதல் பக்கத்திலேயே எழுதினோம். பழைய பதிவுகளை அழித்தோம்.

பின்னேரம் அதே இலக்கத்திலிருந்து அழைப்பு. இந்த முறை ஒரு ஆண் குரல், மூச்சு வாங்க வாங்க.

"தங்கச்சி, துடிப்புக் குறைஞ்சு போச்செண்டு உடனை ஒப்பரேசன் செய்து எடுத்திட்டினம். பொம்பிளைப் பிள்ளை. ரண்டு பேரும் சுகம்."

நான் கதிரையில் இருந்தபடியே அழுதேன். ஏதோ அலுவலாக வந்த முதலாளி தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

அந்தப் பிள்ளை தப்பியது என் கெட்டித்தனத்தால் என்று ஆராவது சொன்னால் எனக்குக் கூச்சமாக இருக்கும். இரண்டு பிழை விட்ட, முன்பின் தெரியாத ஒருத்தியின் சொல்லை நம்பி அந்தத் தாய் எழுந்து போனாரே, அந்த ஆறுதலில்தான் நான் இன்றைக்கும் நிம்மதியாக நித்திரை கொள்கிறேன்.