மாமா கொண்டுவந்த கல் பாம்பு

கப்பலில் வேலை பார்த்த சின்ன மாமா வருஷத்துக்கு ஒருமுறை மட்டாஞ்சேரிக்கு வருவார். மிட்டாயோடு கொஞ்சம் பொய்களும் கொண்டுவருவார். எனக்கு எட்டு வயதாக இருந்தபோது அவர் கொண்டுவந்தது ஒரு பாம்பு. உள்ளங்கை அகலத்தில் சுருண்டு படுத்திருந்த கல் பாம்பு. தலை இருந்தது, இரண்டு கண்ணும் இருந்தன.

அந்த வாரம் வீட்டில் யாருக்கும் முகம் சரியில்லை. அக்கா தினமும் போட்டில் எர்ணாகுளம் போய் ஜியாலஜி படித்துக்கொண்டிருந்தாள். லீவு முடிந்ததும் கடைசி வருஷத்துக்கு அவளை அனுப்புவதில்லை என்று அத்தா முடிவு செய்திருந்தார். பாலக்காட்டிலிருந்து ஒரு சம்பந்தம் வந்திருந்தது. "கல்லும் மண்ணும் படிச்சது மதி, இனி போதும்," என்றார். அக்கா அழவில்லை. பேசுவதைத்தான் நிறுத்திவிட்டாள்.

மத்தியானம் அத்தா சுக்கு மண்டியிலிருந்து வந்து சாப்பிட உட்காரும்வரை காத்திருந்து, மாமா அந்தக் கல்லை வெளியே எடுத்தார்.

"இங்கிலீஷ்காரன் நாட்டிலே ஒரு கன்னியாஸ்திரீ சாபம் போட்டு, ஊர்ப் பாம்பு மொத்தமும் கல்லாப் போச்சு மோளே. அதிலே ஒண்ணு இது."

நான் அப்படியே நம்பினேன். அடுக்களை வாசலிலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"மாமா, அது பாம்பில்லே."

"பின்னே எந்தா?" மாமாவுக்கு நன்றாகக் கோபம் வந்துவிட்டது போலிருந்தது.

அக்கா கல்லை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். "தலை, உளியாலே கொத்தினது. பாருங்க, வரியெல்லாம் இங்கே வந்து அறுந்து நிக்குது. இது அம்மோனைட். கணவாய் மீனுக்குச் சொந்தம், ஆனா ஓட்டுக்குள்ளே இருந்த கடல் பிராணி. ஜுராசிக் காலத்தோட தொடக்கத்திலே இருந்தது. பேரு ஹில்டோசெராஸ்."

"கல்லுக்குப் பேருமா? எல்லாம் ஒரே கல்லுதானே!" மாமா விடவில்லை; ஓரக்கண்ணால் அத்தாவைப் பார்த்துக்கொண்டார்.

சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த அத்தா தலை நிமிர்ந்தார். "இதே போல வேறே ஜாதி வந்தா, எப்படிப் பிரிப்பே?" மண்டியில் சுக்கு கொண்டுவருகிறவர்களிடம் அவர் கேட்கிற குரல் அது.

அக்கா அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அந்தக் காலத்திலேயே இன்னொண்ணு உண்டு அத்தா. அதோட வரி விளிம்பிலே ரெண்டாப் பிரிஞ்சு முதுகைத் தாண்டிப் போகும். இதிலே அரிவாள் போல வளைஞ்சிருக்கு. முதுகைத் தொட்டுப் பாருங்க, நடுவிலே ஒரு வரம்பு, ரெண்டு பக்கமும் பள்ளம். பக்கவாட்டிலேயும் சுத்தி ஒரு பள்ளம் ஓடுது. அதனாலே ஹில்டோசெராஸிலேயே இதைப் பைஃப்ரான்ஸ்னு தனியாச் சொல்லலாம்."

அத்தா இடது கையால் கல்லை வாங்கிக் கட்டைவிரலை முதுகில் ஓட்டினார். வரம்பு. பள்ளம். திருப்பி இன்னொருமுறை ஓட்டினார். சோறு ஆறிப்போனது. பிறகு அம்மாவைப் பார்த்துக் கேட்டார்.

"இவளுக்குக் காலேஜ் எப்போ திறக்குது?"

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு அக்காமேல் ஆத்திரமாக வந்தது. நல்ல பாம்பொன்றைப் பேசியே கெடுத்துவிட்டாள்.

மாமாவைத் தேடி வாசலுக்குப் போனேன். அவர் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது. "அந்த ஊர்க்காரன் உங்களை ஏமாத்திட்டான் மாமா," என்றேன்.

"ஆமா மோளே, நல்லா ஏமாத்திட்டான்," என்று சொல்லி, புரையேறும் அளவுக்குச் சிரித்தார்.

வெட்கத்தை மறைக்கத்தான் அப்படிச் சிரிக்கிறார் என்று நினைத்து, பாவம், அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.