ஞாயிற்றுக்கிழமைத் துவக்கு

இத்தாலியில், லிபெர்த்தாத் தெருவில் நான் துப்புரவு வேலை செய்த வீட்டில், நாங்கள் சிஞ்ஞோரே என்று கூப்பிடும் முதிய வீட்டுக்காரரைப் பராமரிக்க வந்தவர் அந்த அண்ணை. என்னைப் போல இலங்கையிலிருந்து வந்தவர், வன்னிக்காரர். கொளுத்தும் வெயிலிலும் சட்டையைக் கழுத்துவரை பூட்டியிருப்பார். எதைக் கையில் வாங்கினாலும் முதலில் உள்ளே பார்ப்பார். வெறும் கோப்பையென்றாலும் அப்படித்தான். எனக்கு எரிச்சல் வரும்.

சிஞ்ஞோரே ஒருகாலத்தில் முயல் வேட்டைக்குப் போனவர். ஞாயிறுகளில் பேரப்பிள்ளைகள் வந்தால் சுவரிலிருந்த துவக்கை, அந்த வேட்டைத் துப்பாக்கியை, இறக்கி மேசையில் வைப்பார். கை கழுவிய பிறகுதான் தொடலாம். "துவக்குக்குப் பயப்படக் கூடாது, மரியாதை கொடுக்க வேண்டும்" என்பார். எங்கள் சாமியறை ஒழுங்குபோல இருக்கிறதே என்று நான் மெச்சியதுண்டு.

ஒரு ஞாயிறு, ஏழு வயதுப் பேத்தி ஈரக் கையை நீட்டியபோது, அண்ணை குறுக்கே வந்து துவக்கை எடுத்தார். "அதற்குள் ஒன்றுமில்லை" என்று சிஞ்ஞோரே சிரித்தார். அண்ணை அதைக் குழலடியில் மடித்துத் திறந்தார். குழலுக்குள் ஒரு தோட்டா இருந்தது.

பிறகு சமையலறையில் கேட்டேன்: "துவக்கு எங்கை பழகினீங்கள் அண்ணை?"

"எங்களுக்கும் சின்னனிலை மரியாதைதான் படிப்பிச்சவை, தங்கச்சி. பயப்பிடப் படிப்பிச்சிருந்தா கனபேர் இண்டைக்கு உயிரோடை இருந்திருப்பினம்."

கேட்காமல் துவக்கைத் தொட்டார் என்று அவரை அந்தக் கிழமையே நிறுத்திவிட்டார்கள். மறு ஞாயிறும் துவக்கு மேசைக்கு வந்தது. அதைத் திறந்து பார்க்க எனக்குத் தெரியாது. கை கழுவிவிட்டு நின்ற பேத்திக்கு நான்தான் துவாயை நீட்டினேன்.