முந்திரி பொறுக்கிய பாயசம்

அத்தை என் பாயசத்துக்குள் விரலை விட்ட நொடியில்தான் அது எனக்குத் தோன்றியது. முந்திரியே இல்லாமல் ஒரு முழுப் பந்தி போட்டுக் காட்டினால் என்ன?

குடவாசல் பக்கத்தில் அத்தையின் புது வீட்டுக்குக் கிரகப்பிரவேசம். மாமா சிங்கப்பூரில் சம்பாதித்துக் கட்டிய வீடு என்பதால் பொங்கல், குருமா, பாயசம் என்று எல்லாவற்றிலும் முந்திரி கொட்டிக் கிடந்தது. எனக்கு வெறும் சோறும் ரசமும்தான். பாயசம் வேண்டாமென்று கையை நீட்டி மறித்தும் பரிமாறியவர் கேட்கவில்லை. கப்பை இலை ஓரமாக வைத்துவிட்டுப் போய்விட்டார். பந்தி விசாரிக்க வந்த அத்தை அதைப் பார்த்தாள். குனிந்து, மிதந்த முந்திரியையெல்லாம் பொறுக்கிப் பக்கத்திலிருந்த தன் மகனின் இலையில் போட்டாள்.

"இந்தா, எல்லாத்தையும் எடுத்தாச்சு. இப்பக் குடி."

"வேண்டாம் அத்தை. அத வறுத்த நெய்யத்தான உள்ள ஊத்தியிருக்கு."

"ஏண்டி, என் கை பட்டுடுச்சுன்னா?"

அத்தை மேல் எனக்குக் கோபமில்லை. எதிர்வரிசையில் உட்கார்ந்து, 'பேசாமல் இரு' என்று கண்ணாலேயே அதட்டிய அப்பா மேல்தான்.

போன ஆடியில் கும்பகோணத்தில் வாங்கிய முந்திரி பக்கோடாவை பஸ்ஸில் தின்றுகொண்டு வந்தேன். பிறந்ததிலிருந்து தின்ற முந்திரிதான். திருவிடைமருதூரில் எங்கள் வீடு. ஊர் வருவதற்குள் உதடு தடித்து, தொண்டை இறுகி, மூச்சு விசிலடித்தது. கண்டக்டர் பஸ்ஸை நிறுத்தி ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பியதால் இன்று இதை எழுதுகிறேன். பிறகு தஞ்சாவூரில் சோதித்துப் பார்த்த டாக்டர், முந்திரி, பிஸ்தா, பாதாம், வால்நட் எதுவும் இனிக் கூடாது என்றார். தேங்காயும் வேர்க்கடலையும் எனக்கு ஒன்றும் செய்யாதாம். "ஒரு துணுக்குகூட வேணாம்மா. அடுத்த தடவை இதவிட மோசமா வரலாம்" என்றார்.

அப்பா காரில் ஏறியதும் சொன்ன முதல் வார்த்தை இது: "யார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்காத. அக்காவுக்கு அப்புறம் உனக்கும் மாப்பிள்ள பாக்கணும். வயித்துக்கு ஒத்துக்கலன்னு சொல்லிடு."

வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாதவளுக்கு முந்திரியைப் பொறுக்கிவிட்டுக் கொடுக்கலாம். மூச்சு நின்றுபோகக்கூடியவளுக்குக் கொடுக்க முடியுமா? அந்த வித்தியாசம் அத்தைக்குத் தெரிந்துவிடாமல் பார்த்துக்கொண்டது எங்கள் வீடுதான். யாரோ ஒரு மாப்பிள்ளைக்காக என் தொண்டையைப் பணயம் வைத்திருக்கிறார்கள்!

"ஒரு வாய் குடிச்சா செத்தா போயிடுவ?" என்றாள் அத்தை.

"ஆமா அத்தை. செத்துப்போயிடுவேன்."

வரிசையே திரும்பியது. பஸ்ஸையும் ஆட்டோவையும் டாக்டரையும் கடைசி இலைவரை கேட்கிற மாதிரி சொன்னேன். பக்கத்து இலைப் பெரியவர் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, "இது பணக்கார வியாதியாச்சே, நம்ம குடும்பத்துக்கு எப்படி வந்துச்சு?" என்றார். "படிச்ச பொண்ணுல்ல, அதான்" என்றது இன்னொரு குரல். சிரித்தார்கள்.

அத்தை சிரிக்கவில்லை. கப்பை எடுத்துக்கொண்டுபோய்க் கொட்டிவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டு வந்தாள். நேராக அப்பாவிடம் போனாள். "ஏண்ணே, எங்கிட்டகூடச் சொல்ல மாட்டியா? நான்ல ஊட்டி விட்ருப்பேன்?"

அப்பா மோரை உறிஞ்சினார்.

அன்றைக்கு வீடு திரும்பும்போது, "இப்பத் திருப்தியா?" என்று கேட்டார். "இல்லப்பா. பசிக்குது" என்றேன்.

வருகிற தையில் அக்காவுக்குக் கல்யாணம். முந்திரி வேண்டாமென்று சமையல்காரரிடம் நானே கேட்டுப் பார்த்தேன். "முந்திரி அரைக்காம குருமாவா? பொண்ணு வீடு கஞ்சம்னு பேசுவாங்க பாப்பா. உனக்கு மட்டும் தனியா தயிர்சாதம் கட்டி வச்சிடுறேன்" என்றார். அப்பா தலையாட்டினார். என் அக்கா கல்யாணத்தில் நான் மூலையில் உட்கார்ந்து பொட்டலம் பிரிக்க வேண்டுமாம். மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் பத்து இலை போடப்போகிறேன். குருமாவுக்குத் தேங்காயோடு கசகசாவும் பொட்டுக்கடலையும் அரைப்பேன். பாயசத்தில் தேங்காயைப் பல்லுப் பல்லாகக் கீறி நெய்யில் சிவக்க வறுத்துப் போடுவேன். புது நெய் வாங்கி வருவதாக அத்தை சொல்லியிருக்கிறாள். சமையல்காரரும் வருகிறார். அப்பாவுக்கு முதல் இலை. அவர் இரண்டாவது கரண்டி குருமா கேட்டால் கல்யாணப் பந்தியிலும் இதே குருமாதான் என்று அவரே எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும், அதுதான் என் நிபந்தனை. கேட்காவிட்டால் அடுத்த ஞாயிறும் அரைப்பேன். இப்போதைக்குப் பொட்டுக்கடலை எவ்வளவு போட்டால் குருமா கெட்டியாகும் என்று பார்க்க வேண்டும். மிக்ஸி ஜாரைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்திருக்கிறேன்.