மல்லாட்டைப் பொட்டலத்தில் வந்த சித்திரக்கதை

எண்பத்து நாலாம் வருஷம், பொங்கல் முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை. எனக்கு அப்போது கல்யாணமான புதிது. புதுச்சேரியில், வில்லியனூர் சாலையில் இருக்கும் மூலக்குளத்தில் வாடகைக்குக் குடியிருந்தோம். என் கணவர் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் தகர டப்பா செய்யும் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தார்.

அவருக்கு ஒரு பைத்தியம் உண்டு. பெண் பார்க்க வந்தபோது அதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. பழைய காமிக்ஸ் புத்தகம் சேர்க்கிற பைத்தியம். குடி கிடையாது, சீட்டு கிடையாது. ஆனால் பள்ளிக்கூடம் படித்த காலத்தில் வந்து நின்றுபோன சித்திரக்கதை இதழ்களுக்காக ஊர் ஊராகப் பழைய பேப்பர் கடைகளில் தலையை விட்டுக்கொண்டு நிற்பார். வீட்டில் இருந்தது ஒரே ஒரு பீரோ. அதன் நல்ல தட்டுகளில் எல்லாம் காமிக்ஸ், இடையிடையே காய்ந்த வேப்பிலை. என் கல்யாணப் புடவைகள் அடித்தட்டில் மடங்கிக் கிடந்தன.

அன்று காலை, "கிளம்பு, ஸ்கூட்டர்ல ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்" என்றார். சினிமாவுக்கோ ஓட்டலுக்கோ என்று நினைத்துக்கொண்டு மாம்பழக் கலர் பட்டுப்புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு வந்து ஏறினேன். டவுனைத் தாண்டி, அரியாங்குப்பம் பாலத்தையும் தாண்டி, வண்டி கடலூர் சாலையில் போய்க்கொண்டே இருந்தது.

"ஏங்க, எங்க போறோம்?"

"கடலூர்ல ஒரு கடைக்கு மூட்டை மூட்டையா பழைய புக்கு வந்திருக்காம். கைமாறிப் போறதுக்குள்ள ஒரு பார்வை பார்த்துடலாம்."

பட்டுப்புடவையோடு பழைய பேப்பர் கடையில் நின்ற பெண் அன்றைக்கு நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கடைக்காரர் ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். என் கணவர் மூட்டைகளைப் பிரித்தார். கணக்குப் புத்தகம், நோட்ஸ், பழைய பஞ்சாங்கம், ரேடியோ ரிப்பேர் பற்றி ஏதோ. காமிக்ஸ் ஒன்றுகூட இல்லை. அங்கே இன்னொரு கடை, மஞ்சக்குப்பத்தில் ஒரு கடை என்று அலைந்து, கையெல்லாம் கறுப்பாகி, மதியத்துக்கு மேல் வெறுங்கையோடு திரும்பினோம். வழியெல்லாம் நான் அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. இந்த மனுஷனோடு காலம் முழுவதும் எப்படித் தள்ளப்போகிறோம் என்ற கவலைதான் மனசில் ஓடியது.

தவளக்குப்பம் சந்திப்பில் வண்டியை நிறுத்தினார். மார்க்கெட் ஓரத்தில் ஒரு அம்மா கூடையை வைத்துக்கொண்டு வறுத்த மல்லாட்டை விற்றுக்கொண்டிருந்தார். எங்கள் பக்கம் வேர்க்கடலையை அப்படித்தான் சொல்வோம். என்னைச் சமாதானப்படுத்த இவர் ஒரு பொட்டலம் வாங்கி என் கையில் கொடுத்தார். அடுத்த நிமிஷம் அதை என் கையிலிருந்து பிடுங்கினார்.

"ஏங்க, இன்னா பண்றீங்க?"

மல்லாட்டையை அப்படியே என் முந்தானையில் கொட்டிவிட்டுக் காகிதத்தைப் பிரித்தார். வழவழப்பான கனத்த தாள். கட்டம் கட்டமாகப் படங்கள். பாறைகளும் பனியுமாக ஒரு மலைப்பாதை, அதில் இறங்கிவருகிற ஒரு ஆள். எழுத்து நமக்குப் புரியாத எழுத்து.

"பிரெஞ்சு காமிக்ஸ்!" என்றவர் அந்த அம்மாவிடம் திரும்பி, "இது ஏதும்மா உங்களுக்கு?" என்று கேட்டார்.

"டவுன்ல எங்க வீட்டுக்கு எதிர்ல சொல்தா வீடு இருக்குது. அந்த வீட்டம்மா குடுத்தாங்க. நல்ல தாளு, எண்ணெ ஒட்ட மாட்டேங்குது" என்றார் அந்த அம்மா. சொல்தா என்றால் பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கூடையில் பொட்டலம் போட்டு மிஞ்சிய பாதிப் புத்தகம் இருந்தது. முன் பாதி முழுக்கக் கிழிந்து யார் யார் கையிலோ போய்விட்டது. இவர் மிச்சப் பாதியைக் கெஞ்சி வாங்கிக்கொண்டார். அந்த அம்மா சொல்தா வீட்டுக்கு வழியும் சொன்னார். டவுனில், மாதா கோயில் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்து.

"வீட்டுக்குத்தானே?" என்றேன். "இது ஒண்ணு மட்டும்" என்றார். அவர் முகத்தைப் பார்த்த பிறகு மேற்கொண்டு சண்டை போட எனக்கு மனசு வரவில்லை.

சந்தில் ஒரு பழைய மாடி வீடு. கதவைத் திறந்தவர் அறுபது வயதிருக்கும் ஒரு அம்மா, கழுத்தில் ஜெபமாலை. நாங்கள் வந்த காரணத்தைச் சொன்னதும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது.

"உள்ள வாங்க தம்பி. சத்தம் போடாம வாங்க, அவரு படுத்திருக்காரு. ஒரு பொட்டி நெறைய இருக்குது. எடுத்துட்டுப் போனா எனக்குப் புண்ணியமாப் போவும்."

கூடத்து மூலையில் இருந்த தகரப் பெட்டியைத் திறந்தார். என் கணவர் அதன் முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்தார். நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். அந்த அம்மா தாழ்ந்த குரலில் என்னிடம் சொன்னார்.

"அவருக்குக் கண்ணு தெரியலம்மா. சக்கரை வியாதி. கொஞ்சம் கொஞ்சமாப் போயி, இப்ப சுத்தமா இல்ல. பட்டாளத்துல இருந்தப்போ வாங்குன புக்குங்க இது. ஒரு நாள் கோவத்துல, எல்லாத்தயும் தூக்கிப் போடுன்னாரு. கண்ணுல படாத பொருள வச்சி இன்னா பண்றதுன்னு நானும் எடுத்துக் குடுக்க ஆரம்பிச்சேன். எனக்கு அந்தப் படிப்பெல்லாம் தெரியாது."

அப்போது உள்ளறையிலிருந்து ஒரு குரல் வந்தது. "யாரு அது? பொட்டிய யாரு தொறந்தது?"

சுவரைத் தடவிக்கொண்டு அவர் வந்து நின்றார். நல்ல உயரம், நரைத்த மீசை. பார்வை எங்கள் தலைக்கு மேல் எங்கேயோ இருந்தது. என் கணவர் எழுந்து நின்று தாம் யார், எதற்கு வந்தோம் என்று சொன்னார்.

"பிரெஞ்சு படிப்பியா?"

"இல்லீங்க. படம் பார்ப்பேன்."

அவர் சிரித்தார். அதில் கொஞ்சம் கிண்டலும் இருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் மாதிரி 'முசே', அதாவது ஐயா, என்று கூப்பிட்டார். "பரவால்ல முசே, எடுத்துட்டுப் போ. ஆனா ஒண்ணே ஒண்ணு. மேல பச்சை அட்டை போட்டு ஒரு புக்கு இருக்கும். மணியடிக்கிறவன் கதை. அத மட்டும் எங்கிட்ட குடுத்துடு. அது கைக்குப் பக்கத்துல இருந்தாப் போதும்."

என் கணவர் பெட்டியைப் புரட்டவே இல்லை. தம் பையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். தவளக்குப்பத்தில் வாங்கிய பாதிப் புத்தகத்தின் பின்னட்டை பச்சை நிறம். அந்த அம்மாவும் அதற்குள் புரிந்துகொண்டுவிட்டார். பொய் சொல்லிச் சமாளித்திருக்கலாம். கண் தெரியாத மனிதரிடம் வேறு ஏதோ ஒரு புத்தகத்தைக் கொடுத்தால் யாருக்குத் தெரியப்போகிறது? அந்த அம்மா அப்படிச் செய்யவில்லை. பக்கத்தில் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அத நாந்தான் எதிர்வீட்டு மல்லாட்டைக்காரிக்குக் குடுத்துட்டேன். நீங்கதான தூக்கிப் போடச் சொன்னீங்க? எனக்கு எது எதுன்னு தெரியல."

அவர் கையை உதறவில்லை. என் கணவர்தான் தயங்கித் தயங்கி, "பின் பாதி எங்ககிட்ட இருக்குங்க. இந்தப் பொட்டலத் தாளையும் சேர்த்தா, அதுக்கு முன்னாடி ஒரு பக்கமும் இருக்கு" என்றார்.

பெரியவர் நாற்காலியைத் தடவி உட்கார்ந்தார். "முன் பாதி எனக்குத் தெரியும். நான் சொல்றேன். மீதிய யாராவது பார்த்துச் சொல்லுங்க" என்றார்.

அப்படித்தான் அந்தக் கதை நடந்தது. மலை மேலே ஒரு கிராமம். அங்கே கோயில் மணியைத் திருடர்கள் இரவோடு இரவாகக் கொண்டுபோய்விடுகிறார்கள். ஊரார் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட, மணியடிக்கிறவன் மட்டும் மணியைத் தேடிப் புறப்படுகிறான். அவர் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். நடுநடுவே பிரெஞ்சில் ஒரு வரி, உடனே அதற்குத் தமிழ். அடுப்பில் பால் பொங்கியதைக்கூட அந்த அம்மா கவனிக்கவில்லை. நான் ஓடிப்போய் இறக்கிவைத்துவிட்டு வந்தேன். இத்தனை வருஷத்தில் அந்த அம்மாவுமே இந்தக் கதையை அப்போதுதான் முதன்முதலாகக் கேட்கிறார் என்பது அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"தன்னந்தனியாப் போறான், பாரு" என்றார் அவர். "அதான் எனக்குப் புடிச்சது. பிரான்சுல மார்செய்ல கப்பல் ஏறும்போது வாங்குன புக்கு. சைகோன் பட்டாளத்துல ராத்திரி ராத்திரி படிப்பேன். எனக்கும் அங்க யாரும் இல்ல. ம், இப்ப மலையிலேந்து எறங்குவான். நீங்க சொல்லுங்க."

என் கணவர் பொட்டலத் தாளை நீவி என்னிடம் நீட்டினார். "நீ சொல்லு. எனக்குப் பேச்சு வராது."

நான் வாழ்க்கையில் காமிக்ஸ் படித்ததில்லை. எந்தக் கட்டத்திலிருந்து ஆரம்பிப்பது என்றுகூடத் தெரியவில்லை. எழுத்தும் புரியாததால், கண்ணில் பட்டதையெல்லாம் சொன்னேன். "மலைப்பாதையில எறங்கறான். தோள்ல கயிறு. காலுக்குத் துணி சுத்தியிருக்கான். பின்னால ஒரு நாய் வருது."

"நாயா?"

"ஆமாங்க, நாய். அடுத்த படத்துல ஒரு பாலம். இவன் பாலத்து மேல, அது கைப்பிடி ஓரத்துல."

"என் புக்குல நாய் கெடையாதும்மா" என்றார் கறாராக. "எத்தினி வாட்டி படிச்சிருக்கேன். மனப்பாடமாத் தெரியும். அவன் தனியாத்தான் போவான்."

எனக்குச் சங்கடமாகிவிட்டது. என் கணவர் எட்டிப் பார்த்துவிட்டு, "நாய் இருக்குங்க. சின்னதா, ஒரு காது மட்டும் கறுப்பா. எல்லாக் கட்டத்துலயும் மூலையில இருக்கு" என்றார்.

பக்கம் பக்கமாகப் பார்த்தோம். மணியடிக்கிறவன் சத்திரத்தில் படுத்திருக்கும்போது அது வாசலில் படுத்திருக்கிறது. துறைமுகத்துக் கூட்டத்தில் யாரோ ஒருவர் காலுக்கடியில் நிற்கிறது. எந்தக் கட்டத்திலும் அவன் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசிப் படத்தில் மணி கிடைத்துப் படகில் திரும்புகிறான். படகின் முனையில் அது அவனுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறது.

பெரியவர் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கையை நீட்டி அந்தக் கடைசிப் பக்கத்தைத் தடவினார்.

"எழுத்தயே படிச்சிக்கினு போயிட்டேன் போல. பாக்கவேயில்லயே" என்றார். பக்கத்தைத் தடவிக்கொண்டே கேட்டார்: "மொதப் பாதியிலயும் இருந்திருக்குமா?"

அதற்கு எங்களால் என்ன சொல்ல முடியும்? அந்தப் பக்கங்கள் தவளக்குப்பம் சாலையெல்லாம் பறந்துகொண்டிருந்தன. அந்த அம்மாதான் சொன்னார், சந்தேகமே இல்லாத குரலில்: "இருந்திருக்கும். பாதி வழியிலயா வந்து சேரும்? ஊர்லேந்தேதான் வந்திருக்கும்."

குரல் வந்த பக்கம் அவர் திரும்பிச் சிரித்தார். கண்ணோரத்தைத் துடைத்துக்கொண்டார். "மெர்சி, மதாம்" என்று பிரெஞ்சில் நன்றி சொன்னார். அதை என்னிடம் சொன்னாரா, அவர் மனைவியிடம் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

என் கணவர் எல்லாப் புத்தகங்களையும் பெட்டியில் திரும்ப அடுக்கினார். ஒவ்வொன்றையும் எவ்வளவு ஆசையோடு ஒரு முறை பார்த்துவிட்டு வைத்தார் என்பது எனக்குத் தெரியும். பொட்டலத் தாளை மடிப்பு நீங்க அழுத்திப் பாதிப் புத்தகத்துக்கு முன்னால் வைத்து, பெரியவர் மடியில் கொடுத்தார். "ஒண்ணாவது எடுத்துக்கோ தம்பி" என்று அந்த அம்மா எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. "அப்பப்போ வந்து பார்த்துட்டுப் போறோம்" என்று மட்டும் சொன்னார்.

திரும்பும்போது வழியெல்லாம் நான் பேசிக்கொண்டே வந்தேன். இவர் சேர்த்து வைத்திருக்கும் புத்தகங்களில் என்னென்ன கதை என்று அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன். பின்னால் திரும்பித் திரும்பிப் பதில் சொன்னதில் வில்லியனூர் சாலையில் ஒரு மாட்டு வண்டியில் இடிக்கப் பார்த்தார்.

சொன்னபடி பல ஞாயிற்றுக்கிழமைகளில் போனோம். நான் படம் பார்த்துச் சொல்வேன், பெரியவர் கதை சொல்வார், அந்த அம்மா காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்வார். பிறகு எனக்குப் பிள்ளைப்பேறு, அது இது என்று சில மாதம் போக முடியவில்லை. கைக்குழந்தையோடு மறுபடி ஒரு மாலை போனபோது, கதவைத் தட்டக் கையை ஓங்கிய என் கணவர் சட்டென்று நிறுத்தினார். ஜன்னல் வழியாக அந்த அம்மாவின் குரல் கேட்டது.

"...இவன் ஒரு தடியன், பெரிய மீசை. கையில துப்பாக்கி. பின்னால ஒரு பொம்பள நிக்கறா, அவ பொடவை கிழிஞ்சிருக்குது. அய்யோ, பூனை ஒண்ணு மேசைக்கடியில இருக்குது, மீன் திங்குது."

"பூனைய விடு. அவன் யாரப் பாத்துத் துப்பாக்கி நீட்டறான், அதச் சொல்லு."

"இருங்க, சும்மா அவசரப்படுத்தாதீங்க. பூனையும் கதையிலதான இருக்குது?"

நாங்கள் கதவைத் தட்டவில்லை. குழந்தை அழுதுவிடப் போகிறதே என்று அதைத் தோளோடு அணைத்துத் தட்டிக்கொடுத்தபடி, அந்தச் சந்திலிருந்து மெல்ல வெளியே வந்தோம். தெருமுனை வரை ஸ்கூட்டரை ஸ்டார்ட் செய்யாமல் தள்ளிக்கொண்டே வந்தார் என் கணவர்.

அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் ஓடிவிட்டது. எனக்கு இன்றும் பிரெஞ்சு தெரியாது. காமிக்ஸ் மேல் பெரிய ஆசையும் வந்துவிடவில்லை. ஆனால் வீட்டில் யாராவது தாம் ஆசையாக வைத்திருந்த ஒன்றை ஒரு நாள் சலித்துப்போய் ஒதுக்கித் தள்ளினால், நான் உடனே எழுந்துபோய் அதை அப்புறப்படுத்துவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, அதில் என்ன இருக்கிறது என்று எனக்கும் கொஞ்சம் சொல்லச் சொல்லிக் கேட்கிறேன்.