காற்றாடி இறுகிய காலை

சிட்னியின் செவன் ஹில்ஸில் எனக்கு ஒன்பது லொறிகள் ஓடுகின்றன. எட்டாம் வகுப்பைத் தாண்டாத நான் உழைத்து வாங்கியவை. இன்று ஒரு லொறியின் அடியிலிருந்து எண்ணெய் வடிந்தது. அந்தக் கருகிய மணத்தில் எனக்கு மீண்டும் பத்து வயதாகிவிட்டது.

எழுபதுகளில் அப்பா சிட்னியில் ஒரு சின்ன விமானக் கொம்பனியில் மெக்கானிக். அவருக்கு இங்கிலிஷ் வராது. பள்ளி இல்லாத நாள்களில் நான்தான் கூடப் போய்ப் பேசுவேன். பழைய விமானத்தைக் கிளப்புமுன் அவர் அதன் மூக்கிலுள்ள காற்றாடியைக் கையால் சுற்றிப் பார்ப்பார். அன்று அது பாதியில் இறுகி நின்றது. பயணிகள் வெயிலில் காத்திருந்தார்கள்.

“உள்ளுக்க எண்ணெய் தேங்கி நிக்குது, பிள்ளை. ஸ்டார்ட் பண்ணினா எஞ்சின் முறியும் எண்டு சொல்லு.”

முதலாளி இங்கிலிஷில் கத்தினார்: “கிளப்பச் சொல், இல்லாவிட்டால் வேலை இல்லை!”

வேலை போனால் வீட்டு வாடகைக்கு வழியில்லை. ‘ஓகே’ என்று சொல்ல நாக்கு துடித்தது. அப்பா சொன்னதற்கோ எனக்கு இங்கிலிஷ் தெரியவில்லை.

“நோ,” என்றேன்.

“யார் சொல்வது? அவரா, நீயா?”

“இரண்டு பேரும்.”

இதைக் கேட்ட விமானி இறங்கிவந்து காற்றாடியைத் தள்ளிப் பார்த்துவிட்டு, எஞ்சினின் அடியில் ஒரு பிளக்கைக் கழற்றினார். எண்ணெய் கொட்டி அவருடைய சப்பாத்தை நனைத்தது. முதலாளி பயணிகளிடம் நடந்தார்.

“என்ன சொன்னனி?” என்றார் அப்பா.

“நீங்கள் சொன்னதைத்தான்.”

பிறகு எத்தனையோ பெரிய மனிதர்களோடு பேசி வென்றிருக்கிறேன். அன்று பேசியதைவிட நல்ல இங்கிலிஷ் இன்றுவரை நான் பேசியதில்லை.