வாளிச் சத்தத்துக்கு மட்டும்

என் சின்னம்மா கடற்படையில் கமாண்டராக இருந்து ஓய்வுபெற்றார். லூமுட் கடற்படைத் தளத்தில் அவர் நடந்துவந்தால் ஆறடி ஆண்கள் விறைத்து நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் பாதிப் பேர் பிறப்பதற்கு முன்பே அந்தக் குரலின் கட்டளைக்குக் கீழ்ப்படிந்தவள் நான். அப்போது எனக்கு ஒன்பது வயது. ஈயக் குட்டையின் நடுவில், ஓட்டைப் பீப்பாயின் மேல் உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் தோட்டம் ஈப்போவுக்குத் தெற்கே, சுண்ணாம்பு மலையின் காலடியில் இருந்தது. ரப்பர் மரங்கள் முடியும் இடத்தில் குட்டை தொடங்கும். ஈயம் தோண்டியவர்கள் பூமியைத் திறந்துபோட்டபடி போய்விட்டார்கள். மழை வந்து அதை நிரப்பியது. பச்சையா நீலமா என்று சொல்ல முடியாத தண்ணீர். அதில் விழுந்தவர்களில் சிலர் கிடைத்தார்கள், சிலர் கிடைக்கவில்லை. அதனால் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஒரு வழக்கம். குட்டைப் பக்கம் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். ‘ஏய்’, ‘புள்ள’, ‘இந்தா’, அவ்வளவுதான். பெயரைச் சொன்னால் தண்ணீர் அதை மனப்பாடம் செய்துகொள்ளும் என்பார்கள். பகலில் நான் இதைக் கேட்டுச் சிரிப்பேன். வெயில் இறங்கியதும் சிரிப்பும் இறங்கிவிடும்.

எண்பதுகளின் தொடக்கம் அது. ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில் சின்னம்மா வந்திருந்தார். அப்போது லெப்டினன்ட். பயிற்சிக்குச் சேரும் பெண்கள் எல்லாரும் அவர் பொறுப்பில் இருந்தார்கள். ஆனால் பெண்களைக் கப்பலில் ஏற்றாத காலம். அவருடைய வேலை முழுக்கக் கரையில்தான். தாய்மாமா இதைத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். மாமா தோட்டத்து மண்டோர். விடியற்காலைப் பெரட்டில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுப்பவர். அவர் குரலுக்கு நாய்கூட வரிசையில் நிற்கும் என்று லயத்தில் சொல்வார்கள்.

“கால் நனையாத கடற்படை,” என்பார், சோற்றைப் பிசைந்தபடி. “இதுக்கு நம்ம டிஸ்பென்சரியில மருந்து கட்டிக் குடுத்தா வீட்டோட இருக்கலாம்லா.”

“நனையிற நாள் வரும்ண்ணே.”

“வரும், வரும். தலை நரைச்ச பிறகு வரும்.”

ஞாயிறு பத்து மணிக்குப் புந்தோங்கிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள் என்று முடிவாகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டாருக்கு ஒரே நிபந்தனை, பெண் வேலையை விட வேண்டும். ராஜினாமாக் கடிதத்தை மாமாவே டைப் அடித்துவந்து சாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார். கையெழுத்து மட்டும் பாக்கி.

அம்மா யாரையும் அதட்ட மாட்டார். அவர் வழி வேறு. சனிக்கிழமை முழுக்கத் தங்கையின் தலையை மடியில் வைத்து எண்ணெய் தேய்த்தார். சின்ன வயதில் கூப்பிட்ட செல்லப் பெயரால் கூப்பிட்டார். “வந்துரு. எங்ககூடவே இருந்துரு,” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எண்ணெயைவிட மெல்ல இறங்கும் குரல் அது. சின்னம்மா கண்ணை மூடியே இருந்தார். படுக்கப் போகும்போது, “சரிக்கா. காலையில கையெழுத்துப் போட்டுர்றேன்,” என்றார்.

எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. கால் நனையாத கடற்படை என்ற பேச்சு நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. குடும்பத்தில் யாராவது ஒருவர் தண்ணீரைக் கடந்து காட்டினால் மாமாவின் வாய் அடைத்துவிடும் என்று கணக்குப் போட்டேன். அந்த ஒருவர் நான். ஒன்பது வயதின் கணக்குகள் எப்போதும் சரியாகவே வரும்.

விடிந்ததும் குட்டைக்குப் போனேன். பையன்கள் இரண்டு எண்ணெய்ப் பீப்பாய்களைப் பலகையில் கட்டித் தெப்பம் செய்துவைத்திருந்தார்கள். செருப்பைக் கரையில் விட்டேன். மூங்கில் கழியை ஊன்றித் தள்ளினேன். பத்துப் பதினைந்து தள்ளலுக்குப் பிறகு கழி சேற்றில் சிக்கி அங்கேயே நின்றுவிட்டது. தெப்பம் மட்டும் நகர்ந்தது. நான் திரும்பிப் பார்ப்பதற்குள் மலையிலிருந்து பனி இறங்கியிருந்தது. கரை போயிற்று. மலை போயிற்று. என் கால்களே பாதிதான் தெரிந்தன. அடியில் ஒரு பீப்பாய் மடக்கு மடக்காகத் தண்ணீர் குடிக்கும் ஓசை கேட்டது.

அலறினேன். அலறல் மலையில் பட்டு எட்டுப் பக்கமிருந்தும் என்னிடமே திரும்பி வந்தது. கொஞ்ச நேரத்தில் செருப்பைக் கண்டுவிட்டார்கள் போலும், மாமாவின் குரல் வெடித்தது. அதுவும் எட்டாக உடைந்து வந்தது. எட்டு மாமாக்கள் எட்டுத் திசையில் நின்று, “ஏய், எங்க இருக்க?” என்றார்கள். நான் எல்லாருக்கும் பதில் கத்தினேன். தெப்பம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

பிறகு ஒற்றைக் குரல். அது கத்தவில்லை.

“எல்லாரும் வாய மூடுங்க. அண்ணே, நீங்களுந்தான்.”

அமைதி. அப்படி ஒரு அமைதியை எங்கள் தோட்டத்து ஆட்களிடம் அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை.

“புள்ள, நகராத. கரையில வாளிய மூணு தட்டு தட்டுவோம். நீ பீப்பாய மூணு தட்டு. வேற யாரு எப்படிக் கூப்பிட்டாலும் வாயத் தொறக்காத. புரிஞ்சா தட்டு.”

தட்டினேன். கரையில் ரப்பர் பால் வாளி மூன்று முறை ஒலித்தது. நிறுத்தம். நான் தட்டினேன். நிறுத்தம். எங்கோ துடுப்பு தண்ணீரில் இறங்கும் சத்தம் கேட்டது.

அப்போதுதான் அம்மா கூப்பிட்டார்.

முதுகுக்குப் பின்னால், மிக அருகே. பத்துக் கை தூரம்கூட இருக்காது. என் பெயரைச் சொன்னார். பள்ளிக்கூடப் பெயரை இல்லை, வீட்டில் மட்டும் புழங்கும் பெயரை. “இங்க பாரு. இந்தப் பக்கம் ஆழமில்ல. எறங்கி வந்துரு.” பதற்றமே இல்லாத, எண்ணெய் தேய்க்கும் குரல். உடம்பு முழுக்க இளகியது. ஒரு காலைத் தண்ணீரில் விட்டேன். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. யாரோ எனக்காகக் காய்ச்சி வைத்ததுபோல.

“வந்துரு.”

வாளி மூன்று முறை ஒலித்தது. வேறு திசையில்.

எனக்கு அழுகை வந்தது. அம்மா இந்தப் பக்கம், கட்டளை அந்தப் பக்கம். காலை வெளியே எடுத்தேன். கையை முஷ்டியாக்கி மூன்று முறை பீப்பாயைக் குத்தினேன். பின்னால் இருந்த குரல் இன்னும் ஒருமுறை கூப்பிட்டது, கொஞ்சம் வருத்தத்தோடு. பிறகு தண்ணீர் மட்டும்.

பனியைக் கிழித்துக்கொண்டு சம்பான் வந்தது, குட்டையில் வாத்து வளர்க்கும் சீனத்துக் கிழவருடைய துடுப்புப் படகு. மாமா துடுப்புப் போட்டார். சின்னம்மா முனையில் முழங்காலிட்டு ஒரு கையை நீட்டியிருந்தார். கூந்தல் தண்ணீரில் முங்கச் சாய்ந்து அவர் என்னைத் தூக்கிப் போட்ட ஐந்தாவது நிமிடம் தெப்பம் முழுகியது. கரையில் அம்மா நின்றிருந்தார். ஒரு கையில் வாளி, ஒரு கையில் கட்டை. அழுகை வெளியே வராதபடி முந்தானை முழுவதையும் வாயில் திணித்திருந்தார். அதை அவர் வாயிலிருந்து நாங்கள்தான் உருவி எடுத்தோம்.

“நீங்க ஏன் என்னை அந்தப் பக்கம் கூப்பிட்டீங்க?” என்றேன்.

அம்மா மலங்க விழித்தார். மாமாதான் பதில் சொன்னார், என்னைப் பார்க்காமல்.

“எனக்கும் கேட்டுச்சு. அக்கா குரல்தான். நான் அந்தப் பக்கமாத்தான் திருப்பினேன். இவதான் சொன்னா, அதைக் கேக்காதீங்கண்ணே, வலது பக்கம் இழுங்கன்னு.” துடுப்புப் பிடித்த கையைப் பார்த்துக்கொண்டே, “இழுத்தேன்,” என்றார். தான் செய்ததைத் தானே நம்பாதவர்போல.

“உனக்குக் கேக்கலையாடி?” என்றார் அம்மா.

“கேட்டுச்சுக்கா,” என்றார் சின்னம்மா, கூந்தலைப் பிழிந்தபடி. “நேத்துலேருந்து கேக்குது.”

பத்து மணிக்குப் புந்தோங் கார் வந்தது. சின்னம்மா ஈரத் தலையோடு காப்பி கொண்டுவந்து வைத்தார். சாயங்காலம் வேலைக்குத் திரும்புவதாகவும், அவர்களை வரவழைத்து அலைக்கழித்ததற்கு மன்னிக்கும்படியும் சொன்னார். மாமா ஆடித் தீர்க்கப்போகிறார் என்று எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். மாமா எழுந்துபோய்ச் சாமிப் படத்துக்குப் பின்னால் கையை விட்டார். கடிதத்தை எடுத்து நான்காக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“காப்பி ஆறுது, குடிங்க லா,” என்றார் வந்தவர்களிடம்.

சாயங்காலம் பஸ்ஸுக்கு நின்றோம். மாமா பெட்டியைச் சுமந்துகொண்டு சின்னம்மாவுக்கு ஓரடி பின்னால் நடந்துவந்தார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே தங்கையைச் செல்லப் பெயரால் கூப்பிட்டு, “நல்லா யோசிச்சுப் பாரு. வந்துரு,” என்றார், அதே மெல்லிய குரலில்.

நான் சின்னம்மாவின் கையைப் பிடித்து இழுத்தேன். காலையிலிருந்து கேட்க நினைத்ததைக் கேட்டேன்.

“அந்தக் குரலுக்குப் பயந்துதான் போறீங்களா?”

அவர் குனிந்து என் காதோரம் வந்தார். “ஆமா புள்ள. ரொம்பப் பயம்.”

ஒரு வாரம் நான் குட்டை இருந்த பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. இத்தனை பெரிய அதிகாரியையே ஊரைவிட்டு விரட்டிய தண்ணீர் அல்லவா. ‘ரொம்பப் பயம்’ என்று சொல்லும்போது சின்னம்மாவின் கண் குட்டையின் திசையில் இல்லை, அம்மாவின் முகத்தில் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். பார்த்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.